மூக்கின் கூரையில் ஒரு சல்லடை

தென் ஆஸ்திரேலியாவில் ஸ்பென்சர் வளைகுடாவை ஒட்டி போர்ட் அகஸ்டா, போர்ட் பிரீ, வையாலா என்று சில ஊர்கள் இருக்கின்றன. சுற்றிலும் வறண்ட பூமி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீளும் கோடையில் அங்கே வெயில் 40 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டிவிடும். இந்த ஊர்களின் குடிநீர் வெகு தொலைவிலிருக்கும் மர்ரே ஆற்றிலிருந்து வருகிறது. மார்கன் என்ற இடத்தில் ஆற்றுநீரை இறைத்து, 350 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓட்டி வையாலாவுக்குக் கொண்டுவரும் திட்டம் 1944-இல் முடிந்தது. குழாய் பல இடங்களில் தரைக்கு மேலேயே கிடக்கிறது. காலை முதல் மாலை வரை காய்ந்த இரும்புக்குள் அத்தனை தூரம் பயணப்பட்டு வரும் நீர், வீட்டுக் குழாயைத் திறக்கும்போது வெதுவெதுப்பாகவே இருக்கும். புறப்பட்ட இடத்தில் கலந்த குளோரின் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். அக்காலத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடையில் தண்ணீர் சுடுவது அங்கே இயல்பு.

1961-க்கும் 1965-க்கும் இடையில் அந்த மாநிலத்தில் நான்கு பேர் ஒரே விதமாக இறந்தார்கள். முதல் நாள் தலைவலி. பிறகு காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, பிதற்றல், நினைவிழப்பு. சில நாட்களுக்குள் மரணம். முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீர் கலங்கி, சீழ் அணுக்கள் நிரம்பியிருந்தது. பாக்டீரியா உண்டாக்கும் மூளை உறை அழற்சியின் இலக்கணம் அது. ஆனால் ஆய்வகத்தில் எவ்வளவு வளர்த்துப் பார்த்தும் ஒரு பாக்டீரியாவும் முளைக்கவில்லை. அடிலெய்டு குழந்தைகள் மருத்துவமனையின் நோயியல் மருத்துவர் மால்கம் ஃபௌலர், இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிதைந்த நரம்புத் திசுவின் நடுவே அமீபாக்கள் கூட்டங்கூட்டமாக இருந்தன.

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டில் ஒழுங்கற்ற கோடு போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்து நாமெல்லோரும் வரைந்தோமே, அந்த இனம்தான். குளத்துத் தண்ணீரில் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும் எளிய உயிர். அது மனித மூளைக்குள் என்ன செய்துகொண்டிருந்தது? ஃபௌலரும் அவருடைய சக மருத்துவர் கார்ட்டரும் 1965-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையில், இது அகந்தமீபா என்ற வகையாக இருக்கலாம் என்று எச்சரிக்கையோடு குறிப்பிட்டார்கள். அது வேறு பேரினம் என்று பிறகு தெரிந்தது. 1970-இல் கார்ட்டர் அதற்கு நெக்லேரியா ஃபௌலெரி என்று பெயரிட்டார். தன்னுடன் சேர்ந்து தேடியவரின் பெயரை அந்த உயிருக்கு வைத்துவிட்டார்.

இந்த நோய் அபூர்வமானது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை பதிவானவர்கள் 164 பேர். அவர்களில் பிழைத்தவர்கள் நால்வர் மட்டுமே. கோடிக்கணக்கானோர் ஏரியிலும் ஆற்றிலும் நீந்தும் நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு இது மிகச் சிறிய எண்தான். ஆனால் அபூர்வம் என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதிகம் நடக்காதது என்பது ஒன்று. அதிகம் கண்ணில் படாதது என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

மூன்று உருவம் கொண்ட உயிர்

அமீபா என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது சீதபேதி. அதை உண்டாக்கும் என்டமீபா ஒட்டுண்ணி; பெருகுவதற்கு அதற்கு ஒரு மனிதக் குடல் வேண்டும். நெக்லேரியா அப்படிப்பட்டதில்லை. அது யாரையும் சார்ந்து வாழ்வதில்லை. வெதுவெதுப்பான நன்னீரிலும் ஈர மண்ணிலும் தன் பாட்டுக்குப் பிழைக்கிறது. அதனால்தான் இவற்றைத் தன்னிச்சையாக வாழும் அமீபாக்கள் என்கிறார்கள்.

நெக்லேரியாவுக்கு மூன்று உருவங்கள் உண்டு. இரையும் சூடும் கிடைக்கும்போது அது ஊர்ந்து திரியும் அமீபா. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் அதன் அளவு. இரை தீர்ந்துபோனால், இருக்கும் இடத்தை விட்டு அகல இரண்டு கசையிழைகளை முளைக்க வைத்து, பேரிக்காய் உருவில் நீந்தத் தொடங்கும். நீர் குளிர்ந்தாலோ வற்றினாலோ தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொண்டு, வண்டலுக்குள் விதைபோலக் கிடந்து நல்ல காலத்துக்குக் காத்திருக்கும். நோயை உண்டாக்குவது ஊரும் உருவம்.

சூடு அதற்கு மிகவும் பிடிக்கும். மற்ற பல நுண்ணுயிர்கள் வாடிவிடும் 45, 46 டிகிரியிலும் நெக்லேரியா பெருகும். கோடையில் நீர் சூடேறச் சூடேற அதோடு இரைக்குப் போட்டியிடும் மற்ற அமீபாக்கள் ஒதுங்கிப்போகின்றன. நீர்மட்டம் இறங்குகிறது. வண்டல் கலங்குகிறது. நெக்லேரியாவுக்கு அது அறுவடைக் காலம். கடலின் உப்பு அதற்கு ஆகாது. சரியான அளவு குளோரினும் ஆகாது.

இத்தனை இருந்தும், நெக்லேரியா இருக்கும் தண்ணீரை ஒருவர் வயிறு முட்டக் குடித்தாலும் இந்த நோய் வராது. இரைப்பையின் அமிலத்தோடு கதை முடிந்துவிடும். கை கால் புண்ணில் அந்த நீர் பட்டாலும் இந்த மூளை நோய் வராது. நோயாளியைத் தொட்டாலும் பக்கத்தில் படுத்தாலும் ஒட்டாது. ஒரே ஒரு வழிதான் உண்டு. அது மூக்கு.

சல்லடை எலும்பு

இரு கண்களுக்கும் நடுவே, மூக்கின் உச்சிக் கூரையில் மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. மாவு சலிக்கும் சல்லடைபோல அதில் சிறு துளைகள். ஒவ்வொரு துளை வழியாகவும் நுகர்ச்சி நரம்பின் நூலிழைகள் மூளைக்குள் ஏறுகின்றன. முகர்ந்த மல்லிகை மணத்தை மண்டைக்குள் கொண்டுசேர்ப்பவை இந்த இழைகள்தான். நம்முடைய மற்ற நரம்புகள் தோலுக்கும் தசைக்கும் அடியில் பாதுகாப்பாக ஓடுகின்றன. இவற்றின் நுனி மட்டும் ஈரச் சளிப்படலத்தில் வெளிக்காற்றைத் தொட்டபடி இருக்கிறது. மறுநுனி மூளைக்குள் இருக்கிறது. மணம் உணர்வதற்காக நம் உடல் திறந்துவைத்திருக்கும் சிறு வாசல் இது.

குதித்து நீருக்குள் பாயும்போது தண்ணீர் வேகமாக மூக்கின் உச்சிவரை ஏறுகிறது. அந்த நீரில் நெக்லேரியா இருந்தால், அது சளிப்படலத்தில் ஒட்டி, நரம்பிழையைப் பற்றி மேலேறி, சல்லடைத் துளை வழியே நுகர்ச்சிக் குமிழை அடைகிறது. நரம்புச் செல்லின் சாற்றை நோக்கி இந்த அமீபா ஈர்க்கப்படுவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். உள்ளே போன பிறகு கோப்பைபோல் குழிந்த வாய்களை உருவாக்கித் திசுவைக் கடித்தெடுக்கிறது. திசுவைக் கரைக்கும் நொதிகளையும் சுரக்கிறது. அதை எதிர்க்க நம் வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அந்தப் போரில் மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் விரிவதற்கு இடமில்லை. அமீபாவின் கடியோடு இந்த வீக்கமும் சேர்ந்துதான் உயிரைப் பறிக்கிறது. நீர் மூக்கில் ஏறியதிலிருந்து முதல் தலைவலி வரை 1 முதல் 12 நாட்கள். தலைவலி தொடங்கியதிலிருந்து மரணம் வரை சராசரியாக 5 நாட்கள்.

நாளிதழ்கள் இதை ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்றே எழுதுகின்றன. அந்தப் பெயர் ஒரு வேட்டை விலங்கைக் கண்முன் நிறுத்துகிறது. உண்மையில் நெக்லேரியா நம்மைத் தேடி வருவதில்லை. மனித மூளைக்குள் நுழைவதால் அதற்கு ஓர் ஆதாயமும் கிடையாது. அங்கிருந்து குளத்துக்குத் திரும்ப வழியில்லை. இன்னொரு மனிதருக்குத் தாவவும் வழியில்லை. நோயாளியோடு சேர்ந்து அதுவும் அழிகிறது. இரு தரப்புக்கும் இழப்பான விபத்து இது. இப்படிப் பார்த்தால் பயம் சற்றுத் தணியும். எதைச் செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகும். விரட்ட வேண்டிய பகை எதுவும் இல்லை. அடைக்க வேண்டியது ஒரு வழி மட்டும்தான்.

நெக்லேரியா இருக்கும் நீரில் நீந்திய பலருடைய இரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அமீபா அவர்களின் மூக்கைத் தொட்டிருக்கிறது, நோயாக மாறவில்லை. ஆயிரம் பேர் குளித்த குளத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு அறிவியல் இன்னும் முழு விடை சொல்லவில்லை.

சுவருக்குப் பின்னால்

குளம், ஏரி என்றால் சரி, குளோரின் போட்ட நீச்சல்குளத்தில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ஊஸ்டி நாட் லாபெம் நகரத்தில் உள்ளரங்க நீச்சல்குளம் ஒன்று இருந்தது. 1962 முதல் 1965 வரை அங்கே நீந்திய 16 இளைஞர்கள் இறந்தார்கள். அது வைரஸா பாக்டீரியாவா என்ற குழப்பத்திலேயே காலம் கழிந்தது. செர்வா, நோவாக் என்ற இரு ஆய்வாளர்கள் பாதுகாத்து வைத்திருந்த திசுக்களை மீண்டும் பார்த்து, அமீபாதான் காரணம் என்று 1968-இல் உலகுக்குச் சொன்னார்கள். குளத்தை ஆராய்ந்தபோது ஒரு சுவரில் விரிசல் தென்பட்டது. அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் வெதுவெதுப்பான நீர் தேங்கிக் கிடந்தது. குளோரின் போய்ச் சேராத அந்த இருட்டில் நெக்லேரியா பெருகி, விரிசல் வழியே குளத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

1970-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு மருத்துவர் பழைய பிணப் பரிசோதனைக் குறிப்புகளையும் சேமித்து வைத்த திசுக்களையும் புரட்டிப் பார்த்தார். 1937-இலேயே அங்கே ஒருவர் இதே நோயால் இறந்திருந்தார். பிரிட்டனில் 1909-ஆம் ஆண்டின் பழைய திசு ஒன்றிலும் அமீபாக்கள் தெரிந்தன. ஃபௌலர் கண்டுபிடிப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்த நோய் இருந்தது. கண்ணாடித் தகட்டின் மேலேயே இருந்தது. பெயர் தெரியாததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

நீந்தாதவர்களுக்கும் இது வரும் என்பதை உலகுக்குச் சொன்னவற்றில் கராச்சி முக்கியமானது. 2008 முதல் அந்த நகரத்தில் ஆண்டுதோறும் நெக்லேரியா மரணங்கள் பதிவாகின்றன. இறந்தவர்களில் பெரும்பாலானோர் எந்தக் குளத்திலும் இறங்கியவர்கள் இல்லை. வீட்டுக் குழாய் நீரில் உளூச் செய்தவர்கள். தொழுகைக்கு முன் மூக்கில் நீர் செலுத்தித் தூய்மைசெய்யும் வழக்கத்தில் எந்தக் குற்றமும் இல்லை. குளோரின் இல்லாத நீர், மொட்டை மாடியில் சூடேறும் தொட்டி, கழுவப்படாத வண்டல் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் குற்றம் இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் இறந்த இருவர் சைனஸ் தொல்லைக்காகக் குழாய் நீரால் மூக்கைக் கழுவியவர்கள். நம் யோகா வகுப்புகளில் ஜலநேதி என்று சொல்லித்தரும் அதே முறை. கொதிக்க வைத்து ஆற்றிய நீர் என்றால் அவர்களுக்கு இது வந்திருக்காது.

இன்னும் இரு உறவினர்கள்

ஃபௌலர் முதலில் சந்தேகித்த அகந்தமீபாவுக்கும் ஒரு கதை உண்டு. 1950-களின் பிற்பகுதி. போலியோ தடுப்பூசித் தயாரிப்பு மும்முரமாக நடந்த காலம். இண்டியானாபொலிஸ் நகரத்தின் எலி லில்லி நிறுவனத்தில் கிளைட் கல்பர்ட்சன் தடுப்பூசியின் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார். குரங்குச் சிறுநீரகச் செல்கள் வளர்ந்த தட்டில் வட்டவட்டமாக அழிவு தெரிந்தது. ஏதோ புது வைரஸ் என்றே நினைத்தார்கள். அந்தத் திரவத்தைச் செலுத்திய எலிகள் மூளை அழற்சியால் செத்தன. மூளையைத் திறந்து பார்த்தால் அமீபா. மனிதருக்கும் இப்படி நேரக்கூடும் என்று கல்பர்ட்சன் அப்போதே எச்சரித்தார். சில ஆண்டுகளில் அடிலெய்டிலிருந்து செய்தி வந்தது.

அகந்தமீபா எங்கும் இருக்கிறது. மண், தூசி, குழாய் நீர், ஏசி இயந்திரம் என எதையும் விட்டுவைப்பதில்லை. பெரும்பாலும் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் உடலில் நுரையீரல் அல்லது தோல் புண் வழியே நுழைந்து, இரத்தத்தோடு மூளையை அடைந்து, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். கான்டாக்ட் லென்ஸைக் குழாய் நீரில் கழுவுகிறவர்களின் கருவிழியையும் இது புண்ணாக்கும். லென்ஸைத் தண்ணீரில் காட்டாதீர்கள் என்று கண் மருத்துவர் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, பாலமுத்தியா. 1986-இல் சான் டியாகோவின் வனவிலங்குப் பூங்காவில் கருவுற்றிருந்த மாண்ட்ரில் குரங்கு ஒன்று மூளை அழற்சியால் இறந்தது. அதன் மூளையிலிருந்து அமீபாவைப் பிரித்து வளர்த்தவர் அட்லாண்டாவின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி கோவிந்த விஸ்வேஸ்வரா. 1993-இல் அதைப் புதுப் பேரினமாக அறிவித்தபோது, தன் ஆசிரியர் வில்லியம் பாலமத்தின் பெயரையும் அந்தக் குரங்கின் பெயரையும் சேர்த்து பாலமுத்தியா மாண்ட்ரிலாரிஸ் என்று பெயரிட்டார். இது மண்ணில் வாழ்கிறது. நல்ல உடல்நலம் உள்ளவரையும் தாக்குகிறது. பாதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர்வரை இறக்கிறார்கள். பெயர் கிடைத்த பிறகு பழைய திசுக்களைத் தேடிப் பார்த்தார்கள். அங்கேயும் அது இருந்தது.

ஒரு சொட்டு

நோயை உறுதிசெய்யும் இடத்துக்கு இப்போது போவோம். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதுகுத் தண்டில் ஊசியிட்டு எடுத்த நீர் ஒரு சிறு குப்பியில் வருகிறது. நலமான உடம்பில் அது சுனைநீர்போலத் தெளிந்திருக்கும். இது கலங்கியிருக்கிறது; சில நேரம் இரத்தச் சாயலும் இருக்கும். இதை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிரில் அமீபாக்கள் அசைவை நிறுத்திவிடும். சாயம் ஏற்றவும் வேண்டாம். வழக்கமான கிராம் சாயத்தில் அமீபா அடையாளம் தெரியாமல் போகும். குப்பியை மெல்ல அசைத்து, ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, கவர்ஸ்லிப்பால் மூடி, உடனே நுண்ணோக்கியில் வைக்க வேண்டும்.

பார்வைப் பரப்பு முழுவதும் வட்ட வட்டமாகச் செல்கள். பெரும்பாலும் வெள்ளணுக்கள். எண்ணி எழுதிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடத் தோன்றும். குளுக்கோஸ் குறைவு, புரதம் அதிகம், வெள்ளணு அதிகம் என்று அறிக்கை போனால் பாக்டீரியா என்றே எல்லோரும் முடிவுசெய்வார்கள். இங்கேதான் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். வெள்ளணு என்று நினைத்த ஒன்றின் விளிம்பு மெல்லப் புடைக்கிறது. கண்ணாடிபோல் தெளிந்த ஒரு புடைப்பு வெளியே வழிகிறது. உள்ளிருக்கும் மணிகள் அதற்குள் ஓடி நிரம்புகின்றன. உடல் முழுவதும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. நடுவில் கருமையான பெரிய புள்ளி. சற்று நேரத்தில் இன்னொரு பக்கம் புடைப்பு. ஸ்லைடு நெடுக நத்தைபோல ஊர்ந்து போகிறது.

சந்தேகம் தீர, அதைக் காய்ச்சி வடித்த நீரில் விட்டு வெதுவெதுப்பில் வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் கசையிழை முளைத்து நீந்தத் தொடங்கும். அது நெக்லேரியா. டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை எந்த அமீபா என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடும். ஆனால் பி.சி.ஆருக்கு மாதிரி அனுப்பலாமா என்ற எண்ணம் அந்த ஒரு சொட்டைப் பொறுமையாகப் பார்த்தவருக்குத்தான் வரும். உலகில் இந்த நோய் கண்ட பலருக்கும் இறந்த பிறகே நோயின் பெயர் தெரிந்திருக்கிறது.

பக்கத்து மாநிலத்தில்

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக 1971-இல் கொல்கத்தாவிலிருந்து பதிவானது. அதன் பிறகு பல ஆண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே செய்தி வந்தது. நன்னீர்க் குளங்கள், நீண்ட கோடை, கிணற்றில் குதித்து விளையாடும் பிள்ளைகள் என எல்லாம் உள்ள நாட்டில் எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவாக இருந்தது? மூளைக்காய்ச்சல் என்று எழுதி மூடிய கோப்புகளுக்குள் எத்தனை அமீபாக்கள் இருந்தன என்பதை யாராலும் இனி எண்ண முடியாது.

கேரளத்தில் 2016-இல் ஆலப்புழையில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். 2024-இல் சிறார்கள் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் கேரள அரசு இந்த நோய்க்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. இந்தியாவில் அதற்கு முன் எந்த மாநிலமும் அதைச் செய்ததில்லை. காரணம் தெரியாத மூளை அழற்சி ஒவ்வொன்றிலும் அமீபாவைத் தேட வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார்கள். தேடினார்கள். அந்த ஆண்டில் 30-க்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. 2025-இல் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. குளத்தில் இறங்காதவர்களுக்கும் வந்திருந்தது. கிணற்றுநீரிலும் தொட்டிநீரிலும் சந்தேகம் விழுந்தது. நெக்லேரியாவோடு அகந்தமீபாவும் கணிசமானவர்களிடம் காணப்பட்டது.

எண்ணிக்கை ஏறியதும் அண்டை மாநிலங்கள் அஞ்சின. ஆனால் இன்னோர் எண்ணையும் பார்க்க வேண்டும். நெக்லேரியா வந்தால் நூற்றுக்கு 97 பேர் இறப்பார்கள் என்பதுதான் உலகக் கணக்கு. 2024-இல் கேரளத்தில் நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பிழைத்தார்கள். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது. கேரளத்தின் கணக்கில் மெல்ல முற்றும் அகந்தமீபா நோயும் கலந்திருக்கிறது. என்றாலும் ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம். தேடாமல் இருந்திருந்தால் இவர்களில் பலர் பெயர் தெரியாத மூளைக்காய்ச்சலில் இறந்தவர்களாகவே பதிவாகியிருப்பார்கள். கூடிய எண்ணிக்கையில் ஒரு பகுதி நோயின் பரவலைச் சொல்கிறது. ஒரு பகுதி மருத்துவர்கள் விழித்துக்கொண்டதைச் சொல்கிறது. நீர் முன்பைவிடச் சூடேறுவதும் குளங்கள் மாசுபடுவதும் அந்த முதல் பகுதியில் சேரும்.

மருந்துகள்

மருந்து அறவே இல்லாத நோய் இல்லை இது. ஆம்ஃபோடெரிசின் பி என்ற பூஞ்சை மருந்தோடு ரிஃபாம்பிசின், ஃப்ளூகோனசோல், அசித்ரோமைசின், மில்டெஃபோசின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பூஞ்சை மருந்து அமீபாவை எப்படிக் கொல்லும்? நம் செல்களின் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கிறது. பூஞ்சையின் சவ்வில் இருப்பது எர்கோஸ்டிரால். நெக்லேரியாவின் சவ்விலும் அதேதான். ஆம்ஃபோடெரிசின் அந்த எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு சவ்வில் துளை போடுகிறது.

மில்டெஃபோசின் வந்த பாதை இன்னும் நீளம். புற்றுநோய்க்காக உருவான மருந்து அது. பீகார்ப் பகுதியின் ஏழை மக்களை வாட்டிய காலா அசார் நோய்க்கு வாய்வழியாகக் கொடுக்கக்கூடிய முதல் மருந்தாக 2002-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. 2013-இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸில் நெக்லேரியா தாக்கிய ஒரு சிறுமிக்கு இதைக் கொடுத்து, உடல் வெப்பத்தையும் குறைத்து வைத்து மூளை வீக்கத்தை அடக்கினார்கள். பிழைத்து எழுந்தாள். அவள் மருத்துவமனைக்கு வந்தது நோயின் தொடக்கத்திலேயே. அதன் பிறகு பிழைத்த பலர் விஷயத்திலும் இதுதான் நடந்தது. நாட்கணக்கில் ஓடும் நோய்க்கு மணிக்கணக்கில் மருந்து சேர வேண்டும்.

பாலமுத்தியாவுக்கும் ஒரு விடிவு தெரிகிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்து ஆய்வாளர்கள், ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் மருந்துகளை வரிசையாக அந்த அமீபாவின் மேல் சோதித்தார்கள். ஐரோப்பாவில் சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ராக்சோலின் அதைக் கொன்றது. 2018-இல் அதை அறிவித்தார்கள். 2021-இல் ஒரு நோயாளிக்கு மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது அவர் பிழைத்தார்.

வழியை அடைத்தல்

போர்ட் அகஸ்டா, போர்ட் பிரீ ஊர்களின் கதையை முடிக்காமல் விட்டிருந்தேன். குழாயை மண்ணுக்குள் புதைக்கவோ வெயிலைக் குறைக்கவோ முடியாது. நீரில் குளோரினைத் தொடர்ந்து கலக்கத் தொடங்கினார்கள். நீண்ட குழாயில் அது தாக்குப்பிடிக்காததால், 1980-களில் மெதுவாகத் தேயும் குளோரமினுக்கு மாறினார்கள். குழாயின் கடைசி வீடுவரை லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது ஆஸ்திரேலியக் குடிநீர் நெறிமுறை. வெயில் அப்படியேதான் அடிக்கிறது. குழாயும் அங்கேயேதான் கிடக்கிறது. அந்த ஊர்களில் அந்த மரணங்கள் நின்றுபோயின.

கேரளம் 2025 ஆகஸ்டில் ‘ஜலமாணு ஜீவன்’ என்ற பெயரில் கிணறுகளுக்குக் குளோரின் இடுவதையும் தொட்டிகளைக் கழுவுவதையும் ஓர் இயக்கமாக நடத்தியது. அந்த ஆண்டு மண்டல காலத்தில் சபரிமலைக்கு வந்தவர்களிடம், ஆற்றில் குளிக்கும்போது மூக்கில் நீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. ஆண்டுதோறும் மாலையணிந்து பம்பையில் முழுகும் நம்மவர்கள் லட்சக்கணக்கில் இருப்பதால், அந்த அறிவுரை நமக்கும் உரியது.

குளத்தைக் கண்டு பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. கோடையில் வற்றி, பச்சை படிந்து, சூடேறிக் கிடக்கும் நீரில் தலைகீழாகக் குதிக்க வேண்டாம். இறங்கினால் மூக்கைப் பிடித்துக்கொண்டோ மூக்குக் கிளிப் மாட்டிக்கொண்டோ முழுகலாம். அடி வண்டலைக் கிளற வேண்டாம். பிள்ளைகளின் மூக்கில் ஹோஸ் பைப்பால் நீர் பீச்சி விளையாட விட வேண்டாம். ஜலநேதி செய்கிறவர்கள் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்த வேண்டும். மாடித் தொட்டியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது வண்டல் போகக் கழுவி, கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். இவற்றில் பெரும் பணச் செலவு உள்ளது எதுவும் இல்லை.

2024 ஜூலையில் கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு சிறுவன் இந்த நோயிலிருந்து மீண்டான். இந்தியாவில் மீண்ட முதல் ஆள் என்று அதைக் கொண்டாடினார்கள். அவனுடைய தந்தை இந்த அமீபாவைப் பற்றிச் சமூக ஊடகத்தில் படித்திருந்தார். மகனுக்கு வலிப்பு வந்ததும், சில நாட்களுக்கு முன் அவன் குளத்தில் குளித்தது அவர் நினைவுக்கு வந்தது. மருத்துவரிடம் அதைச் சொன்னார். மருந்துகள் பல இருந்தும், அவற்றை அந்த நேரத்தில் எடுக்க வைத்தது அந்த ஒரு தகவல்.

காய்ச்சலும் தலைவலியுமாக, கழுத்தை அசைக்க முடியாமல் ஒரு பிள்ளை அவசரப் பிரிவுக்கு வரும்போது ‘சாப்பிட்டானா, எத்தனை தடவை வாந்தி எடுத்தான்’ என்று கேட்கிறோம். இரண்டு வாரத்துக்குள் எங்கே குளித்தான், மூக்கில் தண்ணீர் ஏறியதா என்பதையும் கேட்டுவிட வேண்டும். மருத்துவர் கேட்கவில்லை என்றால் அம்மாவோ அப்பாவோ தாங்களாகச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்ன பிறகு முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீர் ஃபிரிட்ஜுக்குப் போகாது. கையோடு ஆய்வகத்துக்குப் போகும். அங்கே ஒருவர் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, கண்ணை நுண்ணோக்கியில் வைத்து, ஏதாவது அசைகிறதா என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.